பசை நின்றது, தாள் நிற்கவில்லை

கடைசிப் புத்தகமும் மேசையை விட்டு இறங்கிவிட்டது. எங்கள் சிறிய நூலகத்தின் பின்னறையில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டிய மூன்று அட்டைப்பெட்டிகள் வருடக்கணக்காகக் கிடந்தன. உள்ளே 64 புத்தகங்கள். சனி, ஞாயிறு மட்டும் உட்கார்ந்ததில் வேலை முடிய ஐந்து மாதம் ஆனது. இறுதிக் கணக்கு இது: 19 புத்தகங்கள் பழுது நீங்கி அலமாரிக்குப் போயின, 14க்கு மாற்றுப் பிரதி வந்தது, 11ஐ மின்வடிவமாக்கினேன், 17ஐ நீக்கினேன். மூன்று இன்னும் பெட்டியில் இருக்கின்றன.

தொடங்கும்போது என் மனக்கணக்கு வேறு. நல்ல பசை, கொஞ்சம் பொறுமை இரண்டும் இருந்தால் ஐம்பதையாவது ஒட்டி நிமிர்த்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு உடைந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் மேலாக இருந்த புத்தகம் நானே சில வருடங்களுக்கு முன் ‘சரிசெய்தது’. 47ஆம் பக்கத்துக் கிழிசலின் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தேன். இப்போது டேப் தானாகவே உரிந்து கையோடு வந்தது. அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நின்றுவிட்டது, அடுத்த பக்கத்திலும் அதன் நிழல். வேறொருவர் செய்திருந்தால் திட்டியிருப்பேன். சரி, டேப்தான் தப்பு, இந்த முறை முறையான பசையில் செய்வோம் என்று பைண்டிங்குக்குப் பயன்படும் பிவிஏ பசையை எடுத்தேன். தனியாகக் கழன்ற ஆறு தாள்களின் உள்விளிம்பில் மெல்லிய கோடாகத் தடவி, உள்ளே செருகி, ஓர் இரவு அழுத்தி வைத்தேன். காலையில் பிரித்தால் ஒட்டு பிரமாதம், இழுத்தாலும் அசையவில்லை. மூன்றாவது பக்கத்தைப் புரட்டும்போது ஒட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தாள் நேர்கோடாக முறிந்தது, தபால்தலையைத் துளை வழியே கிழித்த மாதிரி. ஆறு தாளில் நான்கு அப்படிப் போயின.

பைண்டிங் வேலையில் பழுத்த பெரியவர் ஒருவர் நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வருவார். அவரிடம் காட்டினேன். கையில் வாங்கி ஒரு பக்கத்தின் மூலையைச் சும்மா மடித்துப் பார்த்தார். மூலை விரலிலேயே வந்துவிட்டது. “இதுல பசை நிக்கும் தம்பி, தாள்தான் நிக்காது” என்று சொல்லிவிட்டு நாளிதழுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் செய்தது பிரிட்டில் சோதனை என்று நூலகங்கள் வெகுநாளாகச் செய்துவருவதுதான் என்பது பிறகே தெரிந்தது. மூலையை ஒரு பக்கம் முழுதாக மடித்து, அப்படியே மறுபக்கம் மடித்தால் ஓர் இரட்டை மடிப்பு. நான்கு இரட்டை மடிப்புக்குள் மூலை முறிந்தால் தாள் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பது பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அந்தத் தாளைத் தைக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தாளுக்கு மரக்கூழையும், மை ஊறாமல் இருக்கப் படிகாரம் கலந்த ரோசின் என்னும் மரப்பிசினையும் சேர்த்தார்கள். அந்த அமிலம் நார்களை உள்ளிருந்தே அறுத்துக்கொண்டிருக்கிறது. அமிலத்தை நீக்கும் முறைகள் உண்டு. ஆனால் அவை மேற்கொண்டு கெடுவதைத் தாமதப்படுத்துமே தவிர, போன வலுவைத் திருப்பித் தராது.

அடுத்த சனிக்கிழமை முழுக்க 64ஐயும் மடித்துப் பார்த்தேன். நடுப்பகுதியில் எழுத்தில்லாத கீழ்மூலை, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மடிப்பு. 27 புத்தகங்கள் நான்கைத் தாண்டவில்லை. 12 புத்தகங்கள் பத்துக்குள் முறிந்தன. மிச்சம் 25இல் மடித்து மடித்து எனக்குத்தான் அலுத்தது. ஆக மூன்று பெட்டியில் ஒன்றுக்கு மேல், நான் பசையைத் தொட்டிருக்கவே கூடாத புத்தகங்கள்.

இதனிடையே ஒரு வீண்வேலையும் செய்தேன். அமிலம் இருக்கிறதா என்று காட்டும் பிஎச் பேனா ஒன்று உண்டு. கோடு ஊதாவாக நின்றால் அமிலமில்லை, மஞ்சளானால் அமிலம். ஆர்வக்கோளாறில் முதல் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்திலேயே கோடு இழுத்தேன். மஞ்சளானது, இனி என்றைக்கும் அது அங்கேதான். அமிலம் என்று தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. அந்தப் பேனா உதவியது வேறு வேலைக்கு: புதிதாக வாங்கிய அட்டையின் துண்டில் கோடு போட்டுப் பார்த்து, அமிலம் உள்ள ஒரு கட்டைத் திருப்பி அனுப்பினேன்.

மடிப்புக் கணக்கு கையில் வந்ததும் ஒரு தாளில் நான்கு பத்தி போட்டேன். எத்தனை மடிப்பு தாங்கியது, கடைசியாக எப்போது இரவல் போனது, இப்போது அச்சில் கிடைக்கிறதா, வேறெங்கே பிரதி இருக்கிறது. நான்காவது பத்திக்குத்தான் நேரம் பிடித்தது. வேர்ல்ட்கேட் என்னும் உலக நூலகங்களின் கூட்டு அட்டவணை, இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் இணைய நூலகம், தமிழ் நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் என்று புத்தகத்துக்குச் சராசரி 15 நிமிடம். 64க்கும் சேர்த்து 16 மணி நேரம், ஒரு சொட்டுப் பசை இல்லாமல். மொத்த வேலையிலும் அதிகம் மிச்சப்படுத்திக் கொடுத்தது இந்தப் பதினாறு மணி நேரம்தான். முதல் மாதம் நான் ஒட்டிக்கொண்டிருந்த புத்தகங்களில் இரண்டு, ஏற்கெனவே நல்ல ஸ்கேனாக இணையத்தில் இருந்தன.

பழுதுபார்ப்பில் கிடைத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். திரும்பிப்போன 19இல் 11 புத்தகங்களுக்கு ஒரே நோய்: உள்ளே தாள்கட்டு நன்றாக இருக்கும், அட்டை மட்டும் கீல் தளர்ந்து ஆடும். இதற்குத் தேவை ஸ்வெட்டர் பின்னும் ஊசி ஒன்று. ஊசியைப் பிவிஏவில் தோய்த்து, அட்டைக்கும் தாள்கட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி விட்டுச் சுழற்றி எடுக்க வேண்டும். அட்டையை மூடி, கீல் பள்ளத்தை எலும்பு மடிப்பானால் (மடிப்பைத் தேய்க்கும் தட்டைக் கருவி) அழுத்தித் தேய்த்து, உள்ளே மெழுகுத்தாள் வைத்துப் பாரத்தின் கீழ் ஓர் இரவு விட்டால் முடிந்தது. கைவேலை 20 நிமிடம். ஒரு புத்தகத்தில் மெழுகுத்தாள் வைக்க மறந்து, அட்டையும் முதல் தாளும் ஒன்றாகிவிட்டன. பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது, தாளின் மேல்தோலும் கொஞ்சம் போனது.

மற்ற எட்டுக்கு முதுகே போயிருந்தது. பழைய முதுகுத்துணியை அகற்றி, இரு அட்டைகளின் மேல்துணியையும் ஓரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் கத்தியால் கிளப்பி, புதுக் காலிகோவை (பைண்டிங் துணி) அதன் அடியில் செருக வேண்டும். எனக்குச் சரிவந்த அளவு: துணியின் அகலம் முதுகு அகலத்தோடு 5 செ.மீ., இரண்டு கீல் பள்ளத்துக்குச் சேர்த்து இன்னும் ஒன்றரை. நீளம் அட்டை உயரத்தோடு 3 செ.மீ., மேலும் கீழும் ஒன்றரை மடித்து ஒட்ட. முதுகுக்குள் வைக்கும் தாளின் அகலம் முதுகின் அகலமேதான், ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் அட்டை மூட முரண்டு பிடிக்கும். முதல் புத்தகத்துக்கு நான்கு மணி நேரம், எட்டாவதற்கு இரண்டரை.

இதில் நான் சறுக்கியது இழை திசையில், அதாவது அட்டையில் நார்கள் ஓடும் திசையில். இரண்டு புத்தகங்களுக்கு அட்டையையே மாற்றினேன். துண்டு வீணாகாமல் வெட்டுகிறேன் என்று ஒன்றை அட்டையின் இழை முதுகுக்குக் குறுக்கே ஓடும்படி வெட்டிவிட்டேன். பசை காய்ந்ததும் அட்டை அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. அட்டையை இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்த்தால் சுலபமாக வளையும்போது மடிப்புக்கோடு எந்தத் திசையில் நிற்கிறதோ அதுதான் இழையின் போக்கு. இழை முதுகுக்கு இணையாக நிற்க வேண்டும், அட்டைக்கும் துணிக்கும் தாளுக்கும் இது பொருந்தும்.

அழுத்தி வைக்க முறையான பிரஸ் இல்லை. இரண்டு ஒட்டுப்பலகையும் நான்கு சி-கிளாம்பும் வைத்துத் திருகினேன். திருகியது அதிகமாகி ஒரு புத்தகத்தின் முதுகு கோணிவிட்டது. அப்புறம் தாளில் பொதிந்த செங்கல் இரண்டு, மூன்று. அதுவே போதுமாக இருந்தது.

பக்கக் கிழிசலுக்கு ஜப்பானியத் தாள். சதுர மீட்டருக்கு 10 கிராம் எடையுள்ளதை எழுத்தின் மேலேயே ஒட்டினாலும் படிக்க முடிகிறது. கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. ஈரத் தூரிகையால் கோடு போட்டுக் கையால் பிய்த்தால் விளிம்பில் நார் நீட்டிக்கொண்டு நிற்கும், பிடிப்பே அதில்தான். பசை கோதுமை மாவுச்சத்து ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, சிறு தீயில் இருபது நிமிடத்துக்கு மேல் விடாமல் கிளறி, வடிகட்டி, தயிர்போல நீர்த்தது. பழைய பைண்டர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். பூச்சி வராதுதான், ஆனால் துத்தத்தில் இருக்கும் செம்பு தாள் நாரின் சிதைவை விரைவாக்கும். நான் போடவில்லை. அதனால் பசை ஐந்தாம் நாள் புளித்துவிடும், கொட்டிவிட்டு வேறு காய்ச்ச வேண்டியதுதான்.

மாற்றுப் பிரதி வாங்குவதுதான் எளிது என்று எண்ணியிருந்தேன். பட்டியலைப் பார், வாங்கு, பழையதைக் கழி. 14இல் ஒன்பதுக்கு மறுபதிப்பு கிடைத்தது, ஐந்துக்குப் பழைய புத்தகச் சந்தைதான் வழி. அந்த ஐந்தும் வந்து சேர்ந்த அன்று மூலையை மடித்துப் பார்த்தேன். மூன்று, மூன்று, நான்கு, ஐந்து, பதினொன்று. ஒரே அச்சு, ஒரே தாள், ஒரே வயது, எங்கள் பிரதியைத் தின்ற அமிலம்தானே அதிலும் இருக்கும்? நாலைந்து வருடம் வெயில் படாத அலமாரியில் இருந்ததுதான் வித்தியாசம். பழைய பிரதி வாங்குவதென்றால் இப்போது விற்பவரிடம் முதலில் கேட்பது அச்சான ஆண்டும், பக்க விளிம்பு தெரியும் படமும். விளிம்பு தேநீர் நிறத்தில் இருந்தால் வேண்டாம்.

மறுபதிப்பிலும் ஒரு பள்ளம் இருந்தது. வந்த புதுப் பிரதி அழகாக இருந்தது, அட்டையும் பளபளப்பு. பழையதைக் கழிவுக் கட்டில் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஏதோ சந்தேகத்தில் பொருளடக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதியதில் பின்னிணைப்பே இல்லை. எட்டு வரைபடங்களும் சொல்லடைவும் காணோம். நல்லவேளை, கழிவுக் கட்டு இன்னும் கயிற்றோடு மூலையில் கிடந்தது. அந்த 22 பக்கங்களை ஸ்கேன் செய்து, அமிலமற்ற நிலைத்த தாளில் அச்சிட்டுத் தைத்து, புதுப் பிரதியோடு சேர்த்து வைத்தேன். ஐஎஸ்ஓ 9706 என்று குறிப்பிட்டு வரும் தாள் அது, அமிலம் வந்தால் உறிஞ்சக் கால்சியம் கார்பனேட் இருப்பு உள்ளே இருக்கும். அன்றிலிருந்து மாற்றுப் பிரதி வந்தால் பொருளடக்கம், பின்னிணைப்பு, படங்கள், மொத்தப் பக்கம் நான்கையும் ஒப்பிடாமல் பழையதைத் தொடுவதில்லை.

மின்வடிவமாக்கிய 11 புத்தகங்கள் வேறெங்கும் தட்டுப்படாதவை, மடிப்பு நான்கைத் தாண்டாதவை. முதலில் சாதாரண ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தேன். நடுவில் நிழல் விழாமல் இருக்க அழுத்த வேண்டும், அழுத்தினால் முதுகு ‘பட்’ என்கிறது. அதிலும் சில புத்தகங்கள் முந்தைய பைண்டிங்கில் பக்கவாட்டில் குத்தித் தைத்தவை. அவை தட்டையாகத் திறக்கவே மாட்டா. பன்னிரண்டு பக்கத்தோடு ஸ்கேனரை நிறுத்திவிட்டேன்.

அடுத்து இரண்டு பலகையை 90 பாகையில் சேர்த்து ஒரு தொட்டில். புத்தகம் அதில் பாதி திறந்து மல்லாந்து கிடக்கும், மேலே ஒரு கண்ணாடித் தகடு, பக்கத்துக்கு நேர் செங்குத்தாகக் கேமரா. முதலில் அக்ரிலிக் தகடு வைத்தேன், இரண்டு புத்தகத்துக்குள் கீறல் விழுந்து படத்தில் முடி போலத் தெரிந்தது. கண்ணாடிக்கு மாறி விளிம்பைத் தேய்த்துக்கொண்டேன். இரண்டு எல்இடி விளக்கு, பக்கத்துக்கு 45 பாகை சாய்வில். கேமராவின் பிம்பமே கண்ணாடியில் விழுந்தது. கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு முன்னால் தொங்கவிட்டதும் போய்விட்டது.

12 மெகாபிக்சல் கேமராவின் நீளப் பக்கம் 4000 புள்ளி. 21.5 செ.மீ. உயரப் பக்கத்தை ஓரம் விட்டு 24 செ.மீ. சட்டத்துக்குள் எடுத்தால் அங்குலத்துக்கு 420 புள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. புத்தக எழுத்துக்கு 400 தாராளம். ஓரம் வெட்டியபின் அழுத்தாத டிஃப் படக்கோப்பாகப் பக்கத்துக்கு 22 எம்பி, 312 பக்கப் புத்தகம் கிட்டத்தட்ட 7 ஜிபி. படிப்பவர்களுக்குச் சிறிய பிடிஎஃப் தனி.

கேமரா ஒன்றுதான் என்பதால் வலப்பக்கங்களை முதலில் முழுதாக எடுத்து, புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கங்களை எடுக்க வேண்டும். 312 பக்கத்துக்கு இப்படி 100 நிமிடம், சட்டம் வெட்டி நிமிர்த்த இன்னும் இரண்டு மணி நேரம். மூன்றாவது புத்தகத்தில் வலப்பக்கம் 155 படம், இடப்பக்கம் 156. எங்கோ இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன். தேடிப் பார்த்ததில் விடுபட்டது 87ஆம் பக்கம். எண்ணிக்கை சரிபார்க்காமல் மூலத்தை எங்காவது அனுப்பியிருந்தால் அந்தப் பக்கம் உலகத்திலிருந்தே போயிருக்கும். இரண்டு வரிசையிலும் தலா ஒன்று விடுபட்டால் எண்ணிக்கை சமமாகிவிடும் என்பதால், இப்போது படத்தில் உள்ள பக்க எண்ணையும் கண்ணால் ஓட்டிப் பார்க்கிறேன்.

படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக்கும் எழுத்துணரிக்கு டெசராக்ட் மென்பொருள். புதிய அச்சில் நன்றாகவே படித்தது. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தடுமாறியது: துதிக்கை போல முன்னால் வளையும் பழைய லை, னை, ஒற்றை எழுத்தாக நிற்கும் பழைய றா, னா எல்லாம் அதற்கு வேறு ஏதேதோ. முழுக்கத் திருத்த உட்கார்ந்து இரண்டு அத்தியாயத்தோடு விட்டுவிட்டேன். தேடுவதற்கு ஓரளவு உதவினால் போதும், படிக்கப் படம் இருக்கிறது.

11ஐயும் எல்லோருக்கும் திறந்துவிட முடியவில்லை. பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகும் தொடர்கிறது: பெர்ன் ஒப்பந்தப்படி குறைந்தது 50 ஆண்டு, இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. சிதையும் நூலைப் பாதுகாக்க நூலகம் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் அமெரிக்கச் சட்டத்தின் 108ஆம் பிரிவும் நிபந்தனைகளோடு வழி விடுகின்றன, ஆனால் அது இணையத்தில் போடுவதற்கான அனுமதி அல்ல. ஆகவே நான்கு எல்லோருக்கும், ஏழு நூலகக் கணினியில் மட்டும். இரண்டு வட்டுகளில் ஒவ்வொரு பிரதி, மூன்றாவது வேறு கட்டடத்தில், கோப்பு பின்னால் மாறினால் தெரிய எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் பட்டியல். மூலங்கள் நான்கு பக்கமும் மடல் மடியும் பெட்டிகளில் இருக்கின்றன, இரவல் கிடையாது.

நீக்கிய 17ஐப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலாவதியான கையேடுகள், மேம்பட்ட பதிப்பு அலமாரியில் ஏற்கெனவே உள்ளவை, பல இடங்களில் நல்ல நிலையில் கிடைப்பவை. கைதான் தயங்கியது. சேர்க்கைப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறிப்பு, அட்டவணையில் பதிவு நீக்கம், நூலக முத்திரையின் மேல் ‘நீக்கப்பட்டது’. கடைசியைச் செய்யாமல் கொடுத்த ஒரு புத்தகத்தை, யாரோ தொலைத்தது என்று நினைத்து ஒரு நல்ல மனிதர் இரண்டே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அடுத்த முறை பெட்டியைத் திறந்ததும் மடிப்பு, தேடல், அப்புறம்தான் பசை. காலிகோவை வாங்கும்போதே இழை திசையை அம்புக்குறியிட்டு வைப்பேன். இரண்டாவது கேமரா கிடைத்தால் ஸ்கேன் நேரம் பாதியாகும், வலம் இடம் குழப்பமும் இராது. ‘பழுது’ என்று எழுதிய பெட்டியே இனி வைப்பதாக இல்லை. அதில் போட்டால் முடிவெடுத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, பல வருடம் அப்படியே ஓடிவிடுகிறது.

மிச்சமிருக்கும் மூன்றில் ஒன்று அந்த 47ஆம் பக்கத்துப் புத்தகம். இணையத்தில் இல்லை, வேறு நூலக அட்டவணையிலும் காணவில்லை, ஓரமெல்லாம் யாரோ பென்சிலால் மறுத்தும் ஆமோதித்தும் எழுதியிருக்கிறார்கள். டேப் பசை இன்னும் பிசுபிசுக்கிறது, அடுத்த பக்கத்தில் ஒட்டாமல் இருக்க நடுவில் சிலிக்கோன் பூசிய தாள் வைத்திருக்கிறேன். சோதனைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் தொட்டிலில் வைத்து ஒரு படம் எடுத்தேன். பழுப்புப் பட்டைக்கு அடியிலும் வரிகள் படிக்க முடிகின்றன, இரண்டு சொற்களைத் தவிர.